அறுப்பின் பண்டிகையில் நிலக்கரிப் பட்டிமன்றம்

எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகையில் வருடந்தோறும் ஒரு பட்டிமன்றம் உண்டு. காலையில் ஆராதனை, மதியம் பிரியாணி, பிற்பகல் முழுக்க ஏலம். தான் காணிக்கையாகக் கொடுத்த பூசணிக்காயைத் தானே கௌரவத்துக்காக ஏலத்தில் எடுத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்களை அன்று பார்க்கலாம். அதெல்லாம் முடிந்து வெயில் தாழ்ந்ததும் ஷாமியானாவின் கீழ் பட்டிமன்றம் தொடங்கும். நடுவர் எப்போதும் போதகர் ஐயாதான். வேறு யார் நடுவராக இருந்தாலும் எங்கள் ஜனங்கள் தீர்ப்புக்குக் கட்டுப்பட மாட்டார்கள்.

போன முறை தலைப்பு, குடும்ப மகிழ்ச்சிக்குக் காரணம் மாமியாரா மருமகளா என்பது. பேசிய இரண்டு குடும்பங்களும் இப்போது அம்பத்தூரில் வேறு சபைக்குப் போகின்றன. அதற்கு முந்தைய முறை சைவமா அசைவமா. அன்றைக்கே சமையல் குழு மொத்தமாக ராஜினாமா செய்தது. ஆகவே இந்த முறை கமிட்டிக் கூட்டத்தில் போதகர் ஐயா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "யார் மனசும் புண்படாத தலைப்பா சொல்லுங்க. கேட்டுட்டு நிம்மதியா வீட்டுக்குப் போய்த் தூங்கணும்."

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. இருட்டில் ஒருவர், "நிலக்கரி ஸ்டாக் இல்லையாம்" என்றார். இன்னொருவர், "வெளிநாட்டுல வாங்குறான் இல்ல, அதான் பில்லு ஏறுது" என்றார். "நம்ம ஊர் கரி கல்லும் மண்ணுமா கீது, வாங்காம இன்னா பண்ணுவான்?" என்றது மூன்றாவது குரல். விளக்கு வரும்வரை வாக்குவாதம் நடந்தது. யாரும் யாரையும் முறைக்கவில்லை, யாரும் எழுந்து வெளியே போகவில்லை. விளக்கு வந்தபோது போதகர் ஐயாவின் முகம் விளக்கைவிடப் பிரகாசமாக இருந்ததாம். மின்சாரம் தயாரிக்கச் சிக்கனமானது உள்நாட்டு நிலக்கரியா, இறக்குமதி நிலக்கரியா? தலைப்பு கிடைத்துவிட்டது.

இதையெல்லாம் வந்து சொன்னவர் கமிட்டி உறுப்பினரான என் கணவர். சொல்லிவிட்டு, பெருமை தாங்காமல், "உள்நாட்டுக் கட்சிக்கு உன் பேரக் குடுத்துட்டேன்" என்றார். பூசணிக்காயைப் போல என்னையும் ஏலத்தில் வைத்துவிட்டு வந்திருந்தார்.

என் வேலை அப்படி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் எரிபொருள் பிரிவில் இருக்கிறேன். கும்மிடிப்பூண்டிப் பக்கம் எங்கள் கம்பெனிக்குச் சொந்தமாகச் சின்ன மின்நிலையம் ஒன்று உண்டு. அதற்கு எந்த நிலக்கரி வாங்கினால் கட்டுப்படியாகும் என்று ஒப்பிட்டுச் சொல்வதுதான் பட்டாபிராமிலிருந்து தினமும் ரயிலேறிப் போய் நான் செய்வது. புதிதாக வரும் மேலதிகாரிகள் எல்லாரும் ஒரே தப்பைத்தான் செய்வார்கள். டன் விலையைப் பார்ப்பார்கள். கறிக்கடையில் எலும்போடு வாங்குவதையும் எலும்பில்லாமல் வாங்குவதையும் கிலோ விலையை வைத்து ஒப்பிட முடியுமா? சட்டியில் எவ்வளவு கறி விழுகிறது என்று பார்க்க வேண்டும். நம்முடைய நிலக்கரி சுரங்க வாசலில் மலிவு. ஆனால் அதில் சாம்பல் அதிகம், கல்லும் சேர்ந்து வரும். ஒடிசாவிலிருந்து ரயில், பிறகு கப்பல், மறுபடி இறக்குகூலி என்று இங்கே வந்து சேர்வதற்குள் அந்த மலிவில் பாதி வழியிலேயே கரைந்துவிடும். இந்தோனேசியாவிலிருந்து வருவதில் டன்னுக்குச் சூடு அதிகம், சாம்பல் குறைவு. ஆனால் டாலர் ஏறினால் அதுவும் ஏறும், எங்கோ ஒரு நாட்டில் சண்டை வந்தாலும் ஏறும். ஆகவே ஒரு யூனிட் மின்சாரத்துக்கு என்ன செலவு என்றுதான் பார்க்க வேண்டும். இதை நான் சொல்லாத நாள் கிடையாது. வீட்டில் சொன்னால் எழுந்து போய்விடுவார்கள்.

"இறக்குமதிக் கட்சிக்கு யாரு?" என்று கேட்டேன்.

என் கணவர் சொன்ன பெயரைக் கேட்டதும் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். உள்ளே படித்துக்கொண்டிருந்த என் மகள் ஓடி வந்தாள்.

அந்த மனிதர் முத்தாபுதுப்பேட்டையில் வீடு கட்டிக் குடிவந்து எங்கள் சபையில் சேர்ந்தவர். எண்ணூர்ப் பக்கம் துறைமுகத்தில் வெளிநாட்டு நிலக்கரியைக் கப்பலிலிருந்து இறக்கும் ஒரு கம்பெனியில் மேலாளர். எப்போதும் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, அச்சடித்த மாதிரி தமிழ். அவருடைய மகனும் என் மகளும் பாடகர் குழுவில் சேர்ந்து பாடிப் பாடி, கல்யாணம் செய்துகொள்வது என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். நாங்கள் போய் முறைப்படி பேசினோம். காபி கொடுத்தார்கள், மிக்சர் கொடுத்தார்கள். கடைசியில் அவர், "ஜெபித்துச் சொல்கிறோம், சிஸ்டர்" என்றார்.

எங்கள் ஜனங்களிடம் பெண் கொடுத்து எடுத்தவர்களுக்கு இந்த வாக்கியத்தின் கனம் தெரியும். சரி என்று சொல்ல விருப்பமிருந்தால் அன்றைக்கே சொல்லிவிடுவார்கள். இஷ்டமில்லை என்றால்தான் ஜெபிப்பார்கள். அதன்பின் வாரங்கள் போய்க்கொண்டிருந்தன, பதில் வரவில்லை. ஞாயிறுதோறும் ஆராதனையில் அவருடைய பின்னந்தலையைப் பார்த்து, ஜெபம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க முயல்வேன். இரண்டு குடும்பங்களைத் தவிர சபையில் வேறு யாருக்கும் விஷயம் தெரியாது. போதகர் ஐயாவுக்கும் தெரியாது.

"மா, உன் கால்ல விழறேன்," என்றாள் மகள். "ஜெயிச்சிடாதே."

"பேசவே மாட்டேன்னு சொல்லிடறேன்."

"அது இன்னும் மோசம். அவரோட மேடையில உக்கார உனக்குப் பிடிக்கலன்னு ஆயிடும்," என்றார் கணவர். "பேசு. மரியாதையா பேசு. தோத்துடு. உனக்கு அது ஒரு கஷ்டமா?"

கஷ்டம்தான். ஆனால் மகளின் முகத்தைப் பார்த்தேன். இந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தாலே எனக்கு இரண்டு நாள் சோறு இறங்காது. ஒரு யூனிட் மின்சாரமா பெரிது? தோற்பது என்று முடிவு செய்தேன். எப்படித் தோற்றால் வேண்டுமென்றே தோற்றதாகத் தெரியாது என்று ரயிலில் போகும்போதெல்லாம் யோசித்தேன். வாழ்க்கையில் எந்தப் பரீட்சைக்கும் இவ்வளவு தயார் செய்ததில்லை.

பண்டிகை நாள் வந்தது. பட்டிமன்றம் என்றால் அணிக்கு மூன்று பேர் வேண்டும். தலைப்பைக் கேட்டு மற்றவர்கள் எல்லாரும் தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லிவிட்டதால், மேடையில் நான், அவர், நடுவில் போதகர் ஐயா மட்டும். முன்வரிசையில் ஒரு பக்கம் என் கணவர். இன்னொரு பக்கம் அவருடைய மனைவி, கையில் விசிறியோடு. பாடகர் குழு இருக்கையில் என் மகளும் அந்தப் பையனும் நடுவே நான்கு பேர் விட்டு, முன்பின் தெரியாதவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள்.

முதலில் அவர் பேச வேண்டும். எழுந்தார். "மதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே, எதிரணியின் அன்புச் சகோதரி அவர்களே," என்று தொடங்கி, என்னைப் பார்த்துத் தலை வணங்கினார். பிறகு சொன்னார்: "இறக்குமதி நிலக்கரியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால், அது அவ்வளவு நல்லதல்ல."

ஷாமியானாவில் ஒரு சலசலப்பு.

"அது தானாகத் தீப்பிடிக்கும். குவித்து வைத்தால் உள்ளுக்குள்ளேயே கனன்று புகையும். டாலரில் வாங்க வேண்டும். நம் நாட்டு நிலக்கரியோ நம் மண்ணிலிருந்து வருவது. டன் விலையைப் பாருங்கள், எவ்வளவு மலிவு! சகோதரி அவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது என்று சொல்லி அமர்கிறேன்."

உட்கார்ந்துவிட்டார். முன்வரிசையில் அவர் மனைவி திருப்தியாக விசிறிக்கொண்டார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அந்த வீட்டிலும் அதே உபதேசம் நடந்திருக்கிறது. என்னைப் போலவே அவரும் தோற்க வந்திருக்கிறார்.

எனக்குச் சந்தோஷம் பொங்கியிருக்க வேண்டும். தோற்க நினைக்கிறவர் நம்மை வேண்டாம் என்று நினைப்பவராக இருக்க முடியாது. ஆனால் எனக்குப் பதற்றம்தான் வந்தது. விட்டுக்கொடுப்பதில் அவர் என்னை முந்திவிட்டார். இப்போது நான் அவரைவிட அதிகமாகத் தோற்றாக வேண்டும். இல்லாவிட்டால், பெரியவர் இறங்கி வந்தார், இந்தப் பெண்பிள்ளை நிமிர்ந்துகொண்டது என்று பேச்சு வரும்.

எழுந்தேன். "நடுவர் ஐயா அவர்களே, பிரதர் பெருந்தன்மையாகச் சொல்கிறார். ஆனால் டன் விலையை வைத்து ஒப்பிடவே கூடாது. அது தப்பு. சூட்டை வைத்துப் பார்த்தால் எங்கள் நிலக்கரி தோற்றுவிடும். கல் வரும். அரைக்கிற மில்லின் பல் உடையும். மலைபோலச் சாம்பல் மிஞ்சும். நான் பேச வந்த கட்சியில் சாரமே இல்லை."

போதகர் ஐயா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், கையிலிருந்த துண்டுச்சீட்டைத் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு பேரும் இடம் மாறி உக்காந்துட்டீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். மைக் அதை எல்லாருக்கும் சொல்லிவிட்டது.

மேடையோரம் ஒலிபெருக்கிப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த மைக்செட்காரர் போதகரைப் பார்த்து, "இன்னா ஐயரே, ரெண்டு பேரும் ஒரே கட்சியா கீறாங்கோ? தீர்ப்பு இன்னாத்துக்கு, சாப்பிட உடுங்கோ!" என்றார். கூட்டம் கைதட்டியது.

அவர் மறுபடி எழுந்து என் நிலக்கரியைப் புகழ்ந்தார். நான் எழுந்து அவர் நிலக்கரியைப் புகழ்ந்தேன். கல்யாண வீட்டில் கடைசி ஜிலேபியை இரண்டு பேர் ஒருவர் இலையிலிருந்து ஒருவர் இலைக்குத் தள்ளுவதுபோல வெற்றியைத் தள்ளிக்கொண்டிருந்தோம். மகளைப் பார்த்தேன். முதல் முறையாக அவள் முகத்தில் சிரிப்பு. அந்தத் தைரியத்தில் இன்னும் ஒரு படி மேலே போகலாம் என்று நினைத்தேன். அங்கேதான் வந்தது வினை.

"இறக்குமதியில் என்ன தொல்லை இருக்கிறது?" என்றேன். "ரயில் இல்லை, வேகன் இல்லை, சுரங்கம் இல்லை. கப்பல் வரும். இறக்கினால் போதும். அவ்வளவுதானே வேலை!"

பாராட்டாகத்தான் சொன்னேன். அவர் முகம் மாறியது. எழுந்தார். வெள்ளைச் சட்டையின் கைகளை மடித்துவிட்டுக்கொண்டார்.

"இறக்கினால் போதுமா, சிஸ்டர்?"

"ஆமாம் பிரதர், அவ்வளவு சுலபம் என்று சொல்ல வந்தேன்..."

"இறக்குனா போதுமா? இன்னாம்மா பேசிக்கினு கீறே நீ?"

அச்சடித்த தமிழ் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவர் என்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. "மய பேஞ்சா கரி இன்னா ஆவும் தெர்மா? தோச மாவு மாரி ஒட்டிக்கும்! உள்ள எறங்கி ஆளுங்க சொரண்டணும். பொயலு கொடி ஏத்திட்டான்னா கப்பலு வெளியவே நிக்கும், நிக்கிற ஒவ்வொரு நாளுக்கும் தண்டம் அழுவணும். முப்பது வர்சம் அதுல கெடந்தவன் நானு. ஏசி ரூம்ல குந்திகினு பேப்பர்ல கோடு போட்டா கரி எறங்கிடுமா?"

முன்வரிசையில் விசிறி நின்றுவிட்டது. என் கணவர் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே உட்கார் என்றார். உட்கார்ந்திருக்கலாம். ஆனால் "பேப்பர்ல கோடு" என்ற இடம் என் காதில் நின்றுவிட்டது.

"கோடா?" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அந்தக் கோட்டைப் போடலன்னா உங்க கப்பல யாரு கூப்பிடுவாங்க? உலகச் சந்தையில விலை ஏறினப்போ உங்க கப்பல் எங்க போச்சு? யாரு கூடக் குடுக்கிறாங்களோ அந்த ஊருக்குப் போச்சு! அன்னிக்கு எங்க பாய்லர் எதுல எரிஞ்சது? இந்தக் கல்லும் மண்ணும் கலந்த கரியிலதான். எரிஞ்சுது இல்ல?"

"எரிஞ்சுதா? பொகஞ்சுது!"

"சாம்பல் செங்கல்லுக்குப் போகுது, சிமென்டுக்குப் போகுது. உங்க கரி தானே எரிஞ்சு போச்சுன்னா அது எங்க போகும்?"

"தண்ணி தெளிச்சுப் பாத்துக்கத் தெரியாதவன் கரி யார்டுல எரியும். எங்க யார்டுல வந்து பாரும்மா!"

"வரேன்! நீங்க வந்து எங்க கணக்கப் பாருங்க. துறைமுகம் வரைக்கும் ஒரு விலைய சொல்லுவீங்க. அங்கேருந்து பாய்லர் வாய்க்கு வர்ற செலவ யாரு சேர்ப்பா?"

கூட்டம் விசிலடித்தது. ஏலத்தில் எடுத்த சேவலோடு வீட்டுக்குக் கிளம்பியவர்கள் திரும்பி வந்து நின்றார்கள். மைக்செட்காரர் எழுந்து நின்று, "இப்பத்தாண்டா சூடு புட்சிக்கிது!" என்று ஒலியை ஏற்றிவிட்டார். போதகர் ஐயா மணியடித்தார். அது யார் காதிலும் விழவில்லை என்றதும் கடைசியில் மைக்கைப் பிடித்து, "நாம் ஜெபிப்போம்" என்றார். அதற்கு மேல் எங்களால் பேச முடியாது. நல்ல உத்தி.

தீர்ப்பு சொல்லவில்லை. யார் மனமும் புண்படாத தலைப்பு ஒன்று உலகத்தில் உண்டா என்று ஆண்டவரிடமே கேட்பதுபோல நீண்ட ஜெபம் செய்தார். நடுவில் நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். எதிரே அவரும் ஒரு கண்ணைத் திறந்து என்னை முறைத்துக்கொண்டிருந்தார்.

ஆட்டோவில் வீடு திரும்பினோம். இறங்கும்போதுதான் மகள் சொன்னாள்: "கரியில ஒண்ணு இல்லன்னா இன்னொண்ணு வாங்கலாம்மா. எனக்கு இன்னொண்ணு கெடையாது." அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள்.

அந்த வாரம் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. மன்னிப்புக் கேட்டுப் போன் செய்யலாம் என்று அவர் நம்பரை எடுப்பேன். என்ன சொல்வது? நீங்கள் சொன்னதுதான் சரி என்றா? கப்பல் காத்துக் கிடப்பதைப் பற்றி அவர் சொன்னது சரிதான். துறைமுகத்துக்கு இந்தப் பக்கம் ஆகும் செலவைப் பற்றி நான் சொன்னதும் சரிதான். பாதிக்கு மட்டும் மன்னிப்புக் கேட்க முடியுமா? போனை வைத்துவிடுவேன்.

சனிக்கிழமை மாலை வாசலில் கார் நின்றது. அவர், அவர் மனைவி, பின்னால் அந்தப் பையன். சொல்லாமல் கொள்ளாமல் வந்திருந்தார்கள். வேண்டாம் என்பதைப் போனில் சொல்லாமல் நேரில் வந்து சொல்கிற கண்ணியமான குடும்பம் என்று நினைத்தேன். "வாங்க பிரதர்" என்பதற்குப் பதிலாக "உக்காருங்க ஐயா" என்றேன்.

அவர் உட்காரவில்லை. கையிலிருந்த துணிப்பையைப் பிரித்து, டீப்பாயின்மேல் நான் எம்ப்ராய்டரி போட்டு விரித்திருந்த வெள்ளைத் துணியின் நடுவில் இரண்டு கட்டிகளை வைத்தார். ஒன்று நிலக்கரி. இன்னொன்று, பார்வைக்கு நிலக்கரி.

"தூக்கிப் பாருங்கள் சிஸ்டர்," என்றார். தமிழ் பழையபடி மடிப்புக் கலையாமல் இருந்தது.

தூக்கினேன். இரண்டாவது கனத்தது. "கல்லு" என்றேன்.

"உங்கள் கட்சிக் கரியிலிருந்து எடுத்தது. இதையும் சேர்த்துத்தான் ஒடிசாவிலிருந்து கூலி கொடுத்துக் கொண்டு வருகிறீர்கள். கல்லுக்கு ரயில் கூலி, கல்லுக்குக் கப்பல் கூலி. இதை உங்கள் கோட்டில் எங்கே போடுகிறீர்கள்?"

"அதைப் போடாமலா? இருங்க." நான் டீப்பாய்க்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். "ஒரு லாட் வந்ததும் லேபுக்கு அனுப்புவோம். சூடு எவ்வளவு குறையுதோ அந்த அளவுக்கு விலையக் கழிப்போம். கல்லுக்குத் தனியா புகார். உங்க கரியில ஈரம் இருக்கே, தண்ணிக்குக் கப்பல் கூலி குடுக்கிறோமே, அத நீங்க எங்க போடறீங்க?"

"ஈரம் ஒப்பந்தத்துலயே இருக்கு!"

"ஒப்பந்தத்துல இருந்தா கரியில இல்லாம போயிடுமா?"

அவரும் தரையில் உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டையின் மணிக்கட்டில் கரி ஒட்டியது. மகள் காபி கொண்டுவந்து வைத்தது எனக்குத் தெரியும். அதை யார் குடித்தது என்று தெரியாது. நம் நாட்டுச் சுரங்கத்தின் பக்கத்திலேயே மின்நிலையம் இருந்தால் உள்நாட்டு நிலக்கரியை யாராலும் வெல்ல முடியாது என்று அவர் ஒத்துக்கொண்டார். கடற்கரையில் இருந்து, வெளிநாட்டு விலையும் படுத்திருந்தால் அவருடையது எட்டிப் பிடித்துவிடும் என்று நான் ஒத்துக்கொண்டேன். ஆனால் கும்மிடிப்பூண்டிக்கு எது என்ற இடத்தில் இருவரும் மறுபடி குரலை உயர்த்தினோம். அவர் "இன்னாம்மா" என்றார். நான் "இன்னா பிரதர்" என்றேன். பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மகள் என் தோளைத் தட்டினாள். "மா."

"இரு, இவரு சுங்க வரிய விட்டுட்டுப் பேசறாரு."

"மா! ஈஸ்டர் முடிஞ்சு ரெண்டாவது வாரம். ஓகேயா?"

"எதுக்கு?"

நிமிர்ந்து பார்த்தேன். சாப்பாட்டு மேசையில் என் கணவரும் அவர் மனைவியும் காலண்டரை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்தம்மாளின் மல்லிகைப்பூ என் மகளின் தலையில் இருந்தது. பையன் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். ஒரு கல்யாணம் என் வீட்டுக் கூடத்தில் என் முதுகுக்குப் பின்னால் முடிவாகியிருந்தது.

"எங்களக் கேக்காமலா?" என்றார் அவர்.

"உங்களக் கேட்டா?" என்றார் அவர் மனைவி. "இந்த மனுசன் ஜெபிக்கிறேன் ஜெபிக்கிறேன்னு இழுத்துக்கினு இருந்தாரு. பொண்ணு வூட்டுக்காரங்க ரொம்ப அமைதியா இருக்காங்க, பேசவே பயமா இருக்குன்னாரு. பண்டிகைக்கு அப்புறம் வீட்டுக்கு வந்து தூங்கவே இல்ல. அந்தம்மா சொன்னதுக்குப் பதில் இருக்கு, பதில் இருக்குன்னு பொலம்பல். அப்பவே முடிவு பண்ணிட்டேன், இவருக்கு ஈடு குடுக்க ஆளு கெடச்சாச்சு, சம்பந்தம் இதுதான்னு. நீங்க ரெண்டு பேரும் முடிக்கிற வரைக்கும் காத்திருந்தா இதுங்களுக்குத் தல நரச்சுடும்."

அவர் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். கரி இன்னும் பரவியது. காலண்டரை எட்டிப் பார்த்தார். "அந்த வாரம் எங்களுக்குக் கப்பல் வருது" என்றார்.

"எங்களுக்கு வருஷக் கணக்கு முடிக்கிற நேரம்" என்றேன் நான்.

அவர் சொன்னதை நான் ஆமோதித்தேன். நான் சொன்னதை அவர் ஆமோதித்தார். ஒரு வாரம் தள்ளி வைக்கலாம் என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம். அன்றைக்கு நாங்கள் வாதாடாமல் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். மேசையில் இருந்த யாரும் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் கணவர் மகள் சொன்ன வாரத்திலேயே ஒரு தேதியைப் பேனாவால் வட்டமிட்டுவிட்டு, மண்டபத்துக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்.